புள்ளிக் கோடு

ஒரு சென்ரிமீற்றருக்கு இருபது மீற்றர்.
அந்தக் கணக்கில் எங்கள் ஊர்
என் மேசையை விடச் சின்னது.
கிழக்கே டச்சுக்குடா, மேற்கே உள்துறைமுகம்,
நடுவில் இடுப்பு ஒடுங்கிய நிலம்.
ஒரு கடலில் கால் நனைத்தவர்
வாகனப் புகை தின்னாமல்
மற்றக் கடல்வரை நடந்துபோக
வழி கீறச் சொன்னது நகரசபை.

பச்சை: இருக்கிற வெளி.
மண்ணிறம்: போடப்போகும் பாதை.
புள்ளிக் கோடு: முன்மொழியப்பட்டது.
அப்படியென்றால் என்னவென்று
என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை, நல்லகாலம்.

ஜுனைதீன் அளவுச் சக்கரம் உருட்டினான்.
நான் கொப்பியில் எழுதிக்கொண்டு பின்னால்.
பள்ளிக்கூட மைதானத்தின் பின்மதில்,
மாரியில் மட்டும் தன்னை நினைத்துக்கொள்ளும் வாய்க்கால்,
வாடகைக் கதிரைக் கடைக்கு அப்பால்
எந்த வரைபடத்திலும் இல்லாத ஏழெட்டு வேம்பு.
மூன்று மான்கள் முன்னே போயின.
ஒன்றின் கொம்பில் நைலோன் வலைத் துண்டு.
அவை திரும்பிய இடத்தில் நாங்களும் திரும்பினோம்.
அறிக்கையில் "தள ஆய்வு" என்று போட்டேன்.

கூட்டத்துக்கு இருபத்தாறு பேர், பதினெட்டுக் கதிரை.
தன் கதிரையோடேயே வந்த பத்திநாதன்
சக்கரத்தைத் தட்டிக் கேட்டார்: "மணலோ, கல்லோ?"
மீன் விற்கிற ரஹ்மத்தும்மாவுக்கு
எத்தனை அடிக்கு ஒரு நிழல் என்று தெரியவேண்டும்.
நிமேஷிகா சிங்களத்தில் தொடங்கித் தமிழில் முடித்தாள்:
"ஆறு மணிக்குப் பிறகும் அது எனக்குப் பாதையா?"
ஒன்பது விளக்குச் சேர்த்தேன்.
பெயர்ப்பலகையில் எந்த மொழி மேலே என்று
ஒருவர் தொண்டையைச் செருமியபோது
தேத்தண்ணி வந்துவிட்டது.

எல்லாம் பொருந்தியது,
இரண்டரைச் சென்ரிமீற்றர் தவிர.

ஐம்பது மீற்றர் வளவு. நாலு பேர் பெயரில் உறுதி.
மூத்தவர் மெல்பேர்ணிலிருந்து ஸ்கான் பண்ணி அனுப்பினார்.
அடுத்தவர் கொழும்பில் கையெழுத்து வைத்து
என் பேனையையும் வைத்துக்கொண்டார்.
மூன்றாவது மரிஸ்டெல்லா, அங்கேயே இருப்பவர்.
கடைசி, அன்ரன் றெஜினோல்ட்.
தொண்ணூறில் ஒரு வெள்ளிக்கிழமை
சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனவர்.

இறப்புச் சான்றிதழ் எடுத்தால் சரி,
மூன்று மாத வேலை, என்றார் சட்ட உத்தியோகத்தர்.
அதைச் சொல்ல நான் போனேன்.
வசனம் பாதியில் நிற்க
மரிஸ்டெல்லா கொடியில் காய்ந்த உடுப்பு எடுக்க எழும்பினார்.
ஒவ்வொன்றாக மடித்தார்.
கிளிப்புகளை எண்ணி டப்பாவில் போட்டார்.
பிறகு டப்பாவிடம் சொல்வதுபோல:

"கையெழுத்து வைக்கமாட்டன்.
கேற்றையும் பூட்டமாட்டன்.
விடிய அஞ்சு துவங்கி பின்னேரம் ஆறு மட்டும்.
பாதை எண்டு எழுதாதேங்கோ, தங்கச்சி.
கேற் எண்டு எழுதுங்கோ."

என் குறியீட்டு அட்டவணையில்
அதற்கு நிறம் இல்லை.

இப்போது பத்து மாதம்.
கொங்கிறீற் இரு பக்கத்தாலும் வந்து
அவர் வேலியில் நிற்கிறது.
இடையில் மண்.
பத்திநாதனின் சக்கரத்துக்கு யாரோ பலகை போட்டிருக்கிறார்கள்,
நகரசபை அல்ல.
ரஹ்மத்தும்மா கூடையை இறக்குவது அந்த மாமரத்தடியில்தான்.
கைபேசியில் கத்திக்கொண்டு வருகிறவர்கள்கூட
கேற்றுக்குள் குரலைத் தணிக்கிறார்கள்.
அறிவித்தல் பலகை ஒன்றும் நாங்கள் வைக்கவில்லை.
மான்கள் செவ்வரத்தையைத் தின்கின்றன.
மரிஸ்டெல்லா தடியோடு வருகிறார்;
தடி இன்னும் ஒரு மானையும் தொடவில்லை.

ஆறுக்குப் பிறகு நிமேஷிகா
பெரிய றோட்டால் சுற்றித்தான் போகிறாள்.
ஒன்பது விளக்கும் அவளில்லாமல் எரிகின்றன.
அந்தக் கேள்வியை நான் இன்னும் கொப்பியில் வெட்டவில்லை.

கேற் ஆறுக்குச் சாத்தப்படுகிறது.
சாத்துகிற சத்தம் ஒழுங்கை முனைவரை வரும்.
கொளுக்கி விழுகிற சத்தம்
இதுவரை கேட்டதில்லை.

கணக்காய்வுக்கு வந்தவர் வரைபடத்தில் விரல் வைத்தார்:
சனம் நடக்குது, ஏன் இன்னும் புள்ளி?
வேலை முடியவில்லை, ஐயா, என்றேன்.
எழுதிக்கொண்டார்.